படகு ஏறினால் சக்கரம் சாயாதா? பந்தயத்தைத் தீர்த்துவையுங்கள்

பூலாம்பட்டிக்காரன்:

வணக்கங்க. எனக்கும் மாமா பையனுக்கும் மூன்று நாளாக ஒரே வாக்குவாதம். யாராவது தீர்த்துவைத்தால் புண்ணியமாகப் போகும்.

எங்கள் ஊருக்கு நேர் எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டை, மாமா வீடு அங்கேதான். நடுவில் கதவணையில் தேங்கி நிற்கிற காவிரி. விசைப்படகில் பைக்கையும் ஏற்றிக்கொண்டு சேலம் மாவட்டத்தில் இருந்து ஈரோடு மாவட்டத்துக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுத் திரும்பிவிடலாம். மேட்டூரில் உபரி நீரைத் திறந்துவிட்டால் மட்டும் படகை நிறுத்திவிடுவார்கள். போன வாரம் அப்படி நின்றபோது, வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்த மச்சான் ஒரு வீடியோவை அனுப்பிவைத்தான். ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் என்கிற ஊரில் ஒரு ராட்டினம். நம் நோம்பி ராட்டினத்தில் ஆள் உட்காரும் இடத்தில் அங்கே இரண்டு தண்ணீர்த் தொட்டி. கீழ்த்தொட்டிக்குள் படகு நுழைகிறது, கதவு மூடுகிறது, சக்கரம் அரைச் சுற்று சுற்றுகிறது, படகு மேலே இருக்கிற கால்வாயில் போய்ச் சேர்ந்து தன்பாட்டுக்குப் போகிறது. 24 மீட்டர் உயரமாம், கிட்டத்தட்ட எட்டு மாடி.

சண்டை இதுதான். ஒரு தொட்டியில் ஆட்களோடு படகு, எதிர்த்தொட்டியில் வெறும் தண்ணீர். ஒரு பக்கம் இழுக்காதா? எங்கள் விசைப்படகில் நாலு பேர் ஒரே ஓரமாக நின்றாலே ஓட்டுகிறவர் சத்தம் போடுகிறார். மச்சானோ ‘ரெண்டும் ஒரே எடைதான் போடா’ என்கிறான், ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு செட் பரோட்டா பந்தயம் வேறு கட்டியிருக்கிறோம்.

அப்புறம் இன்னொன்று. இந்த மாதிரி ஒன்றை மேட்டூர் அணையில் வைத்தால் படகு ஏறி இறங்கிப் போகாதா? இதை யாரும் யோசித்ததே இல்லையா?


சும்மா சொல்றேன்:

படகு இல்லாத தொட்டியில் பம்ப் வைத்துக் கூடுதலாகத் தண்ணீர் ஏற்றிச் சமப்படுத்துவார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இதற்கெல்லாம் ஒரு பந்தயமா.


மளிகைக்கடை மருமகள்:

மேலே சொன்னது தப்புங்க. பம்பும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

மிதக்கிற பொருள் தன் எடை எவ்வளவோ அவ்வளவு எடையுள்ள தண்ணீரை விலக்கிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடிஸ் பாடம் படித்தோமே, அதேதான். பத்து டன் படகு தொட்டிக்குள் நுழையும்போது தொட்டியின் கதவு திறந்துதான் இருக்கும். படகு உள்ளே வர வர, பத்து டன் தண்ணீர் அதே கதவு வழியாக வெளியே கால்வாய்க்குப் போய்விடும். கதவை மூடும்போது உள்ளே இருப்பது, படகு வருவதற்கு முன்னால் இருந்த அதே எடை. மட்டம் ஒன்றாக இருந்தால் போதும், படகு ஒன்றா இரண்டா, இல்லவே இல்லையா என்பதைப் பற்றிச் சக்கரத்துக்குக் கவலையே இல்லை.

படித்ததுதான் என்றாலும் எனக்கே ஒரு சந்தேகம் வந்து, நேற்று ராத்திரி கடை சாத்தின பிறகு எலக்ட்ரானிக் தராசில் பார்த்துவிட்டேன். ஒரு எவர்சில்வர் குண்டாவை விளிம்பு வரை நிரப்பி வைத்தேன், 8 கிலோ 420 கிராம் காட்டியது. இறக்கி ஒரு தாம்பாளத்தில் வைத்து, ஒரு கிண்ணத்தில் அரைக்கிலோ கல் உப்பைக் கொட்டி மெதுவாக மிதக்க விட்டேன். தண்ணீர் நாலு பக்கமும் வழிந்தது. வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து மறுபடி தராசில் ஏற்றினால் 8 கிலோ 410. கிண்ணமும் உப்பும் சேர்ந்து அறுநூறு கிராமுக்குமேல் ஏற்றியிருக்கிறேன், எடை கூடவே இல்லை, பத்து கிராம் குறைந்துதான் இருக்கிறது. ‘அந்தப் பத்து கிராம் எங்கே போச்சு கண்ணு’ என்று அத்தை கேட்டார்கள் (கடைக்கார வீட்டில் பத்து கிராமை விடமாட்டார்கள்). நிரப்பும்போது தண்ணீர் விளிம்புக்கு மேலே லேசாக உப்பிக்கொண்டு நின்றது, கிண்ணம் பட்டதும் அந்த உப்பலும் சேர்ந்து வழிந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

பரோட்டா உங்கள் மச்சானுக்குத்தான் அண்ணா.


பூலாம்பட்டிக்காரன்:

உப்புக் கணக்கு புரிந்தது தங்கச்சி. ஆனால் நான் அவ்வளவு லேசில் தோற்கிற ஆளில்லை. கதவை மூடிய பிறகு கரையில் இருந்து ஒருத்தன் படகுக்குள் குதித்தால்? அப்போது தண்ணீர் வெளியே போக வழியே இல்லையே.


மளிகைக்கடை மருமகள்:

நல்ல கேள்வி. அப்போது எடை கூடத்தான் செய்யும், அந்த ஆளின் எடை அப்படியே தொட்டியில் ஏறும், மட்டமும் ஒரு மயிரிழை உயரும். ஆனால் ஃபால்கிர்க் தொட்டி ஒன்று 2.5 லட்சம் லிட்டர், அதாவது 250 டன். அதில் எழுபது கிலோ ஆள் குதிப்பது, மூட்டை அரிசி எடை போடும்போது தராசில் ஒரு கொத்தமல்லிக் கட்டு விழுந்த மாதிரி. பரோட்டாவுக்கு இதெல்லாம் செல்லாது.


கணபதி லேத்:

எடை விஷயத்தை அம்மிணி அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கிறவன், எனக்கு அந்தச் சக்கரத்தில் பிடித்தது வேறு இரண்டு விஷயம்.

இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் மோட்டார் தூக்க வேண்டியது ஒன்றுமே இல்லை, உராய்வையும் அசைய மறுக்கிற கனத்தையும் தள்ளினால் போதும். இரண்டு தொட்டியிலும் சேர்த்து 500 டன் தண்ணீரைச் சுற்றுவதற்கு அவர்களுக்கு ஆகிற பவர் 22.5 கிலோவாட். நம் கணக்கில் 30 ஹெச்.பி., தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிற பத்து ஹெச்.பி. மோட்டார் மூன்று. ஒரு தடவை அரைச் சுற்று சுற்ற ஒன்றரை யூனிட் கரண்ட். வீட்டில் ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்க மறந்துபோனால் அதைவிட அதிகமாக ஓடிவிடும்.

சரி, சக்கரம் சுற்றும்போது தொட்டி கவிழாமல் மட்டமாகவே எப்படி நிற்கிறது? ராட்டினப் பெட்டி மாதிரி தானாகத் தொங்கும் என்று விட்டிருந்தால் போதும்தான், ஆனால் அவ்வளவு தண்ணீர் ஒரு தடவை ஆட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அதனால் பல்சக்கரம் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம், அது சுற்றவே சுற்றாது, நிலையாகப் பிடித்து வைத்தது. இரண்டு தொட்டியிலும் அதே அளவில், அதே பல் எண்ணிக்கையில் ஆளுக்கு ஒன்று. இடையில் இரண்டு சின்னச் சக்கரம் கோத்துவிடுகிறது. தொட்டியைத் தாங்குகிற சக்கரத்தின் கை எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு தொட்டி எதிர்ப்பக்கம் திரும்பும், ஆகமொத்தம் வானத்தைப் பார்த்தபடியே இருக்கும். நடுவில் அந்தச் சின்னச் சக்கரம் இல்லாமல் நேராகக் கோத்திருந்தால் தொட்டி தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரே அளவில் இரண்டு சோடா மூடியை ஒட்ட வைத்து, ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அதன் மேலேயே உருட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, போல்ட். அந்தச் சக்கரத்தின் கைகளை வெல்டிங் வைத்து ஒட்டவில்லை, ஆயிரக்கணக்கான போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. சுற்றுகிற சாமானில் ஒரே இடம் ஒரு நேரம் இழுபடும், அரைச் சுற்று ஆனால் அதே இடம் அழுத்தப்படும், இப்படி மாறி மாறி வந்தால் வெல்டு விட்டுவிடும். இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கான்கிரீட் மிக்ஸரின் டிரம் பிரேம் பட்டறைக்கு வந்தது, ஒரே இடத்தில் மூன்று தடவை வெல்டு விட்டு மூன்று தடவையும் நானே கைக்காசு போட்டுத் திரும்ப வைத்துக் கொடுத்தேன், நாலாவது தடவை இரண்டு பக்கமும் பிளேட் வைத்து போல்ட் அடித்தேன், இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபால்கிர்க்காரர்கள் முழுச் சக்கரத்தையும் இங்கிலாந்தில் டெர்பிஷையரில் இருந்த ஒரு பட்டறையில் கோத்துப் பார்த்து, கழற்றி, லாரிகளில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே மறுபடி முடுக்கினார்கள். 2002-ல் ராணி வந்து திறந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எந்தப் புண்ணியவானோ மதகுக் கதவைத் திறந்துவிட்டு, தண்ணீர் புகுந்து சாமானெல்லாம் நனைந்து திறப்பு விழாவே தள்ளிப்போனது. எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.


அம்மாபேட்டை பரிசல்:

எங்கள் அப்பாரு பரிசல் போட்டவர், நானும் சின்ன வயதில் துடுப்புப் பிடித்திருக்கிறேன், இப்போது பரிசலும் இல்லை துறையும் இல்லை. அதனால் எனக்கு இதில் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான்.

தம்பி கேட்ட மாதிரி ஆற்று அணையில் நேரடியாக இதை வைப்பது லேசில்லை. எடை காரணம் இல்லை, தண்ணீர் சும்மா நிற்காது என்பதுதான் காரணம். கதவணையில் ஷட்டர் திறந்திருக்கும்போது கீழ்ப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தண்ணீர் அடியில் புகுந்து கீழே ஓடும், ஆனால் மேல்மட்டம் திரும்பி ஷட்டரை நோக்கியே உருண்டு வரும். ஒரு தென்னை மட்டை அங்கே மாட்டினால் ஆற்றோடு போகாது, போய் ஷட்டரில் முட்டும், அமுங்கும், பத்தடி தள்ளி எழும்பும், மறுபடி போய் முட்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் அதே வட்டம்தான். அதில் பரிசல் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்க நுரையும் நிதானமுமாக இருக்கும், அதுதான் ஆளை ஏமாற்றும். அப்பாரு சத்தம் போடுகிற தண்ணீருக்குப் பயப்படமாட்டார், சத்தமில்லாமல் பின்னால் வருகிற தண்ணீரைக் கண்டால்தான் துடுப்பை மாற்றிப் போடுவார்.

படகுத் தொட்டியோ கதவைக் கால்வாய்க் கதவோடு ஒட்ட வைத்து, இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கிலும் தண்ணீரை நிரப்பி, அப்புறம்தான் திறக்க முடியும். உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இல்லாவிட்டால் திறந்த மறுநொடி அலை அடித்துப் படகு சுவரில் மோதும். அதனால்தான் இதெல்லாம் பெரும்பாலும் அசையாத கால்வாய்த் தண்ணீரில் இருக்கிறது.


பூலாம்பட்டிக்காரன்:

அண்ணா, நீங்கள் சொன்ன தென்னை மட்டையை நானே பார்த்திருக்கிறேன், ஏன் என்றுதான் தெரியாது. ஆனால் இதெல்லாம் அறுந்து விழுந்த கதை ஏதாவது உண்டா? மச்சானிடம் பரோட்டா போய்விட்டது, பயமாவது காட்டலாம் என்று பார்க்கிறேன்.


வாய்க்கால் வாத்தியார்:

நான் பாசன வாய்க்கால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இந்தப் படகுத்தூக்கி எல்லாம் எனக்கு ஒரு பைத்தியம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த கதை உண்டு தம்பி. இங்கிலாந்தில் செஷையரில் ஆண்டர்ட்டன் என்கிற இடம், 1875-ல் எட்வின் கிளார்க் என்ற இன்ஜினியர் வடிவமைத்தது. கீழே வீவர் ஆறு, 50 அடி மேலே கால்வாய். அங்கே சக்கரம் கிடையாது, இரண்டு தொட்டி பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெரிய பிஸ்டன், இரண்டு சிலிண்டரையும் ஒரு குழாய் இணைக்கும். ஒன்று இறங்கினால் அதன் சிலிண்டர்த் தண்ணீர் போய் இன்னொன்றை ஏற்றும். எதை வைத்து ஓட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கீழ்த்தொட்டியில் அரையடித் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள், அவ்வளவுதான், மேல்தொட்டி கனத்து இறங்க ஆரம்பித்துவிடும். கிணற்று ஏற்றத்தின் மேலே ஆள் முன்னும் பின்னும் நடந்தே தண்ணீர் வாளியை ஏற்றி இறக்குவதைப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் அவர்களுக்கு உடனே புரியும்.

1882-ல் மேலே படகோடு தொட்டி நிற்கும்போது ஒரு சிலிண்டர் வெடித்துவிட்டது. தொட்டி இறங்கியது, ஆனால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் பீறிட்டு வெளியேற நேரம் பிடித்ததால் கல் மாதிரி விழவில்லை, கீழே இருந்த தண்ணீரும் மெத்தையாகத் தாங்கிக்கொண்டது. ஒருத்தருக்கும் காயமில்லை. ஆக உங்கள் மச்சான் இதற்கும் பயப்படமாட்டார். 1908-ல் அதைக் கரண்ட் மோட்டாருக்கு மாற்றி, இரண்டு தொட்டிக்கும் தனித்தனியாக இரும்புப் பாரம் கட்டித் தொங்கவிட்டார்கள். 1983-ல் மூடி, 2002-ல் திரும்ப ஓடவைத்தார்கள், இந்தத் தடவை பழையபடி ஹைட்ராலிக்கிலேயே.

அம்மிணி சொன்ன ஆர்க்கிமிடிஸ் ஒரு இடத்தில் எதிரியாகவும் வருவார், அதை விட்டுவிட்டார்கள். ஆண்டர்ட்டனில் கீழ்த்தொட்டி ஆற்றுத் தண்ணீரில் அமிழ ஆரம்பித்ததும் தொட்டியே மிதக்கப் பார்க்கும், எடை குறையும், சமநிலை போச்சு. கடைசிச் சில அடிக்குத் தனியாக நீராவி இன்ஜின் அழுத்தம் கொடுத்துத்தான் காரியத்தை முடித்தார்கள். ஃபால்கிர்க்கில் இதற்காகவே சக்கரத்தின் அடியைக் காய்ந்த குழியாக வைத்து, கீழ்க் கால்வாயைக் கதவு போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

அங்கே முன்னால் பதினோரு லாக் படிப்படியாக இருந்தது, 1933-ல் இடித்துவிட்டார்கள். லாக் என்றால் படகை உள்ளே விட்டுக் கதவை மூடித் தண்ணீரை நிரப்பியோ வடித்தோ ஏற்றி இறக்குகிற அறை. ஒரு படகு அந்தப் பதினொன்றையும் தாண்ட பகலில் பெரும்பகுதி போய்விடும், தண்ணீர் 3,500 டன் கீழே இறங்கிவிடும். 35 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட 290 லோடு. கீழ்பவானி வாய்க்காலில் ஒரு படகுக்காக இப்படித் தண்ணீர் விட்டால் கடைமடை விவசாயி என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகவே தெரியும், முப்பது வருடம் பதில் சொன்னவன் நான்.

இப்போது மேட்டூருக்கு வருவோம். 120 அடி என்பது மீட்டரில் 36.5. ஜெர்மனியில் நீடர்ஃபினோ என்கிற இடத்தில் 1934-ல், நம் மேட்டூர் அணை திறந்த அதே வருடம், 36 மீட்டருக்கு ஒரு படகுத்தூக்கி திறந்தார்கள். தண்ணீரோடு 4,290 டன் தொட்டி, 256 கம்பிவடம், எதிர்ப்பக்கம் பாரம். தண்ணீர் கசிந்து தொட்டி லேசாகிவிட்டால் மேலே பறந்துவிடாமல் இருக்க நாலு மூலையிலும் பெரிய திருகாணி, சாதாரணமாக எதையும் தொடாமல் சும்மா சுற்றிக்கொண்டே கூட வரும், சமநிலை தப்பினால் மரையில் கடித்துப் பிடித்துக்கொள்ளும். லேத்காரருக்குப் பிடிக்கும். ஆகவே உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. சீனாவில் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2016 முதல் 3,000 டன் கப்பலை 113 மீட்டர் தூக்குகிறார்கள்.

ஆனால் மேட்டூரின் மட்டம்? 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடி அளவில் கிடந்தது, மாதம் முடிவதற்குள் 120. ஒரே மாதத்தில் 80 அடி, கிட்டத்தட்ட 24 மீட்டர். ஃபால்கிர்க் சக்கரம் ஏற்றுகிற மொத்த உயரமே அவ்வளவுதான்! பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வற்ற வற்றப் பரிசல்துறையும் பின்னாலேயே இறங்கிப்போகும், மூழ்கிக்கிடந்த கோயில் நந்தி வெளியே வந்து நிற்கும். துறையாவது நடந்து போகும், கான்கிரீட் கதவு எங்கே போகும்? சீனாவிலும் மேல்மட்டம் 145-க்கும் 175 மீட்டருக்கும் நடுவில் ஆடுகிறது, அதற்கு அவர்கள் கொட்டிய காசும் அங்கே போகிற சரக்கும் வேறு. இங்கே யார் போவார்கள், மீன் பிடிக்கிற பரிசல் நாலு.

யாரும் யோசிக்கவில்லையா என்று கேட்டீர்களே, யோசித்தார் ஒருத்தர். கோதாவரி அணைக்கட்டு கட்டிய ஆர்தர் காட்டன். 1878-ல் லண்டனில் பார்லிமென்ட் குழு முன்னால் இந்தியா முழுக்க நீராவிப் படகுக் கால்வாய் வெட்டலாம் என்று சொன்னபோது, அதில் ஒரு வழி பொன்னானி ஆற்றில் ஏறிப் பாலக்காடு, கோயமுத்தூர் வழியாக வருவது. ரயில்தான் ஜெயித்தது. கோயமுத்தூர் கடல்மட்டத்தில் இருந்து 411 மீட்டர். ஃபால்கிர்க் சக்கரம் மாதிரி பதினேழு வைத்தால் வந்து சேரலாம்.


கணபதி லேத்:

பதினேழு சக்கரமா. கொட்டேஷன் கேளுங்கள், போல்ட் வேலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.


பூலாம்பட்டிக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. உப்புக் கணக்கை அப்படியே மச்சானுக்கு அனுப்பித் தோல்வியை ஒத்துக்கொண்டேன், ஏன் என்று இப்போது எனக்குத்தான் தெரியும் அவனுக்குத் தெரியாது என்பது ஒரு ஆறுதல். பரோட்டா வாங்கி வைத்துவிட்டேன், வந்து வாங்கிக்கொள் என்று காலையில் போன் போட்டேன். படகு இன்னும் விடவில்லையாம், நீயே சுற்றிக்கொண்டு கொண்டுவா, தோற்றவன்தானே வரவேண்டும் என்கிறான். பொட்டலம் வண்டியில் தொங்குகிறது, கிளம்புகிறேன்.